பத்து செகண்ட் கொடுங்க: இறுகிய தசை விட மறுக்கும்போது

[எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.]



இன்னிக்கு கெஸ்ட் யாரும் இல்லை. நான் மட்டும்தான். வழக்கமா மத்தவங்களை உட்கார வெச்சுக் கேள்வி கேட்பேன். இன்னிக்கு என் உடம்பைப் பத்தி நானே பேசப் போறேன். கொஞ்சம் பதற்றமாத்தான் இருக்கு.

போன மாதம் எங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ரீல் வந்தது. ஒரு பண்ணை. ஒருத்தர் திடீர்னு குடையை விரிக்கிறார். பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த நாலைந்து ஆடுகள் கால் விறைத்து, கட்டை மாதிரி அப்படியே பக்கவாட்டில் சாய்கின்றன. கொஞ்ச நேரத்தில் எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி மேயப் போகின்றன. பின்னணியில் காமெடி மியூசிக். குரூப்பில் எல்லாரும் சிரிப்பு எமோஜி போட்டார்கள். நானும் போட்டேன். போட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஏன்னா, அந்த ஆட்டுக்கு என்ன பிரச்சினையோ அதேதான் எனக்கும். அதோட பெயர் மயோட்டோனியா.

முதல்ல ஒரு சின்ன சோதனை

வண்டி ஓட்டிக்கிட்டு கேட்கிறவங்க இதைச் செய்ய வேண்டாம். மத்தவங்க வலது கையை இறுக்கி மூடுங்க. நல்லா, முழு பலத்தோட. அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. இப்போ சட்டுனு திறங்க.

திறந்துடுச்சா? நீங்க யோசிக்கிறதுக்கு முன்னாடியே திறந்திருக்கும்.

எனக்கு அப்படி நடக்காது. காலையில் எழுந்ததும் முதல் தடவை கையை இறுக்கி மூடினால், திறக்கச் சில நேரம் பத்து விநாடிகூட ஆகும். விரல்கள் ஒவ்வொன்றாக, மெதுவாக, ஏதோ பசையிலிருந்து பிரிகிற மாதிரி விரியும். வலி கிடையாது. மரத்துப்போவதும் இல்லை. நான் "திற"ன்னு சொல்லியாச்சு, கை இன்னும் "மூடு"லயே இருக்கு. அவ்வளவுதான்.

அவ்வளவுதான்னு இப்போ ஈஸியா சொல்லிட்டேன். காலேஜ் முதல் வருஷம், டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். டிரைவர் சடன் பிரேக் போட்டார். எல்லாரையும் போல நானும் கம்பியை இறுக்கிப் பிடிச்சேன். அடுத்தது என் ஸ்டாப். கை விடலை. பின்னாடி பத்துப் பேர் இறங்க நிக்கிறாங்க. கண்டக்டர், "இறங்கும்மா, கம்பியை வீட்டுக்குக் கொண்டு போகப் போறியா?"ன்னு கேட்டார். பஸ்ஸே சிரிச்சது. நானும் சிரிச்சேன். கை விட்டபோது பஸ் கிளம்பியாச்சு. அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்தேன். அன்னிக்கு யாராவது "என்னாச்சு?"ன்னு கேட்டிருந்தாலும் என்கிட்ட பதில் இல்லை. எனக்கே அப்போ பேர் தெரியாது.

தளர்வதும் ஒரு வேலைதான்

தசை இறுகுவதுதான் வேலை, தளர்வது சும்மா தானாக நடப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். அது உண்மையில்லை. தளர்வதற்கும் உடம்பு வேலை செய்கிறது.

எப்படின்னு சுருக்கமா சொல்றேன். மூளையிலிருந்து கட்டளை நரம்பு வழியாகத் தசைக்கு வருகிறது. தசை இழையின் மேல்தோலில் குட்டிக் குட்டிக் கதவுகள் இருக்கின்றன. இவற்றை அயனி சேனல்கள் என்பார்கள். சோடியம் கதவு திறக்கிறது, சோடியம் உள்ளே பாய்கிறது. ஒரு மின்துடிப்பு. தசை இறுகுகிறது. பிறகு பொட்டாசியம் வெளியே போகிறது. துடிப்பு அடங்குகிறது.

ஆனால் ஒரு சிக்கல். தசை இழைக்குள் நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. வெளியே போன பொட்டாசியம் அந்தக் குழாய்களில் கொஞ்சம் தேங்கிவிடும். அந்தத் தேக்கமே தசையை மறுபடி தூண்டப் பார்க்கும். இந்த இடத்தில் குளோரைடு கதவு காவலுக்கு நிற்கிறது. "போதும், அமைதி"ன்னு மின்னழுத்தத்தைப் பழைய நிலைக்கு இழுத்துப் பிடிக்கிறது. ஓய்வில் இருக்கிற எலும்புத் தசையில் நடக்கும் மின்கடத்தலில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்தக் குளோரைடு வழியாகத்தான். உடம்பில் மற்ற இடங்களில் இந்த வேலையைப் பெரும்பாலும் பொட்டாசியம் பார்த்துக்கொள்ளும். எலும்புத் தசை மட்டும் குளோரைடை இவ்வளவு நம்பியிருக்கிறது.

என் தசையில் அந்தக் குளோரைடு கதவு சரியாக வேலை செய்வதில்லை. அதனால் நரம்பு ஒரு தடவை சொன்னால், தசை தானாகவே மேலும் பல தடவை துடிக்கிறது. ஸ்கூட்டரில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் சிக்கிக்கிட்டா என்ன ஆகும்? நீங்க கையை எடுத்தாச்சு, இன்ஜின் மட்டும் உறுமிக்கிட்டே இருக்கும். அதே கதைதான்.

"நடிக்காதே"

எனக்கு ஏழெட்டு வயசில் காலில்தான் முதலில் ஆரம்பித்தது. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்து எழுந்தால் முதல் நாலு அடி மரக்கால் மாதிரி வரும். மாடிப்படியில் முதல் மூன்று படி ஏறுவது கஷ்டம். அதற்குப் பிறகு கால் இளகிவிடும், ஓடியே ஏறிவிடுவேன்.

இங்கேதான் பிரச்சினை. மயோட்டோனியாவில் 'வார்ம் அப்' என்று ஒரு குணம் உண்டு. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் இறுக்கம் குறைந்துகொண்டே வரும். முதல் தடவை கை திறக்கப் பத்து விநாடி, அடுத்த தடவை ஆறு, அப்புறம் மூன்று, அப்புறம் நார்மல். கொஞ்ச நேரம் ஓய்வு எடுத்தால் மறுபடி முதலிலிருந்து.

வெளியிலிருந்து பார்க்கிறவங்களுக்கு இது எப்படித் தெரியும்? ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேயில் விசில் அடித்ததும் ஓட எழுந்தேன், கால் விறைத்து முகம் குப்புற விழுந்தேன். முட்டியெல்லாம் ரத்தம். அரை மணி நேரம் கழித்து, சும்மா நடந்து பழகின பிறகு, தோழிகளோடு கிரவுண்டில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தேன். பி.டி. சார் பார்த்துவிட்டார். "போட்டின்னா விழுவே, விளையாட்டுன்னா ஓடுவியா? நடிக்காதே"ன்னார்.

அவர் மேல இப்போ கோபம் இல்லை. அவர் கண்ணால் பார்த்ததை வைத்து வேறென்ன நினைப்பார்?

இன்னொரு வேடிக்கை. சதா இறுகி இறுகி, என் தசைகள் உடற்பயிற்சி செய்கிற ஆள் மாதிரி பெரிதாகிவிட்டன. தொடையும் கெண்டைக்காலும் அப்படி இருக்கும். ஜீன்ஸ் வாங்கப் போனால் அழுகை வரும். "எந்த ஜிம்?"ன்னு கேட்பாங்க. பார்க்கப் பயில்வான், மாடிப்படியில் முதல் படியில் தடுமாற்றம். யார் நம்புவாங்க?

வீட்டில் எல்லா வைத்தியமும் பார்த்தாச்சு. ரத்தம் கம்மின்னு இரும்புச்சத்து டானிக். வாயுன்னு பூண்டு. நரம்புத் தளர்ச்சின்னு லேகியம். ஒரு டாக்டர், "பரீட்சை பயம், வயசுக்கு வந்தா சரியாயிடும்"ன்னார். சரியாகலை.

1876-இல் ஒரு அப்பா

இந்த 'நடிப்பு'க் குற்றச்சாட்டுக்கும் இந்த நோயின் வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. அதைப் படிச்சப்போ நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன்.

யூலியஸ் தாம்சன்னு ஒரு டாக்டர். 1815-இல் பிறந்தவர். ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் நடுவில் இருக்கிற ஷ்லெஸ்விக் பகுதிக்காரர். 1864-இல் நடந்த போரில் டென்மார்க் தோற்றதும் அந்தப் பகுதி கைமாறி, பிறகு பிரஷ்யாவோடு சேர்ந்துவிட்டது. பிரஷ்யாவில் கட்டாய ராணுவ சேவை. தாம்சனின் மகனுக்கு உடம்பு திடீர் திடீரென்று விறைத்துக்கொள்ளும். ராணுவத்தில் சேராமல் தப்பிக்கப் பையன் நடிக்கிறான் என்று சந்தேகப்பட்டார்கள்.

தாம்சனுக்கு உண்மை தெரியும். ஏனென்றால் அவருக்கும் அதே விறைப்பு இருந்தது. அவர் குடும்பத்தில் பல தலைமுறையாக இருந்தது. அதுவரை அதைப் பற்றி அவர் வெளியில் எழுதியதில்லை. மகன் மேல் பழி விழுந்த பிறகுதான், 1876-இல், தன்னையும் தன் குடும்பத்தையும் பற்றி மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இன்றைக்கு அந்த வகைக்குத் தாம்சன் நோய் என்றுதான் பெயர்.

இதில் இன்னொரு விஷயம். அந்தக் கட்டுரைத் தலைப்பிலேயே, இதற்குக் காரணம் பரம்பரையாக வந்த மனப்போக்கு என்கிற மாதிரி அவர் எழுதியிருந்தார். யோசிச்சுப் பாருங்க. அவர் டாக்டர், அவருக்கே நோய் இருக்கு, மகன் நடிக்கலைன்னு உறுதியாத் தெரியும். அவரே இதை மனசு சம்பந்தப்பட்டதுன்னு நினைச்சிருக்கார். சின்ன வயசுல நானும் அப்படித்தான் நினைச்சேன். 'நான்தான் பயப்படறேன் போல, இன்னும் கொஞ்சம் தைரியமா இருந்தா கை விட்டுடும்'னு.

ஆடுகள் சொன்ன பதில்

மனசு இல்லை, தசைதான் என்பதை நிரூபித்ததில் அந்த ஆடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

1880-களில் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் மார்ஷல் கவுன்டி என்ற இடத்துக்கு ஜான் டின்ஸ்லி என்பவர் நாலு ஆடுகளோடு வந்தார். அந்த வழியில் வந்தவைதான் 'மயங்கும் ஆடுகள்'. பெயர்தான் மயக்கம். அவை மயங்குவதே இல்லை. முழு நினைவோடுதான் விழுகின்றன. பயந்ததும் ஓட நினைக்கின்றன. தசை இறுகுகிறது, விட மறுக்கிறது. அதனால் சாய்கின்றன. ரீலில் நமக்குச் சிரிப்பு. அதுக்கு நடக்கிறது எல்லாம் தெரியும்.

1939-இல் பிரவுன், ஹார்வி என்ற இரண்டு பேர் இந்த ஆடுகளை ஆராய்ந்தார்கள். நரம்பின் கட்டளையைத் தடுத்த பிறகும் தசை தானாகவே துடிக்கிறது என்று காட்டினார்கள். அப்படியானால் கோளாறு மூளையிலும் இல்லை, நரம்பிலும் இல்லை, தசையிலேயே இருக்கிறது. பிறகு 1960-களிலும் 70-களிலும் ஷர்லி பிரையன்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் சக ஆய்வாளர்களும் அதே ஆடுகளின் தசையை அளந்து, குளோரைடு கடத்தல் மிகவும் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். 1992-இல், மனிதர்களில் இதற்குக் காரணமான மரபணு CLCN1 — தமிழில் எழுத்துக்கூட்டினால் சி.எல்.சி.என்.1 — என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். 1994-இல் தாம்சனின் சொந்தக் குடும்பத்திலேயே எந்த இடத்தில் மாற்றம் இருக்கிறது என்றும் கண்டுபிடித்தார்கள். பையன் நடிக்கலைன்னு அறிவியல் சொல்ல நூற்றுப் பதினெட்டு வருஷம் ஆச்சு.

எல்லா மயோட்டோனியாவும் ஒன்றல்ல

இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. இதைத் தெரிஞ்சுக்காம இருந்தா ஆபத்து.

முதல் வகை, மயோட்டோனியா கன்ஜெனிட்டா. பிறவியிலேயே வருவது. இதில் இரண்டு உட்பிரிவு. தாம்சன் வகைக்கு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான ஒரு பிரதி வந்தாலே போதும். ஏனென்றால் குளோரைடு கதவு இரண்டு துண்டுகள் ஜோடி சேர்ந்து உண்டாவது. ரெட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துக்கொண்டால் மற்ற மாடும் இழுக்க முடியாது, அந்த மாதிரி. பெக்கர் வகை வேறு. அதற்கு அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். பொதுவாக இதுதான் கொஞ்சம் கடுமையானது. ஓய்வுக்குப் பிறகு அசையத் தொடங்கும்போது சில விநாடி பலவீனமும் வரும். என்னுடையது இதுதான்.

இரண்டாவது, பாராமயோட்டோனியா. இதில் கோளாறு சோடியம் கதவில். இங்கே வார்ம் அப் தலைகீழ். திரும்பத் திரும்பச் செய்தால் இறுக்கம் அதிகமாகும். குளிர் பட்டால் இன்னும் மோசம். ஐஸ்கிரீம் சாப்பிட்டால் நாக்கு விறைத்துப் பேச்சு குழறுகிறவர்கள் இருக்கிறார்கள். சோடியம் கதவுக் கோளாறிலேயே இன்னொரு வகையில், பொட்டாசியம் நிறைய உள்ள உணவு இறுக்கத்தைக் கூட்டும்.

மூன்றாவது, மயோட்டோனிக் டிஸ்ட்ரோஃபி. இது வேறு லெவல். தசை விட மறுப்பதோடு நிற்காது. தசை மெலியும், பலம் போகும். கண்ணில் சீக்கிரமே புரை, பகலில் அடக்க முடியாத தூக்கம், சர்க்கரை நோய், எல்லாவற்றுக்கும் மேல் இதயத்தில் மின்கடத்தல் கோளாறு வரலாம். அது உயிருக்கே ஆபத்து. இதன் முதல் வகைக்கான மரபணுவும் 1992-இல்தான் தெரிந்தது. சி.டி.ஜி. என்ற மூன்றெழுத்து, நம்மில் 37 தடவைக்குள் திரும்ப வரும். இந்த நோயில் 50-க்கு மேல் போகும், சிலருக்கு ஆயிரத்தையும் தாண்டும். தலைமுறை தாண்டும்போது பெரும்பாலும் அந்த எண்ணிக்கை கூடும். தாத்தாவுக்கு வெறும் கண்புரை, அம்மாவுக்குக் கை இறுக்கம், குழந்தை பிறக்கும்போதே துவண்டு பிறக்கிறது. இப்படி மூன்று பேரும் மூன்று டாக்டரிடம் போய்க்கொண்டிருப்பார்கள். மூன்றும் ஒரே நோய் என்று யாருக்கும் தோன்றாது.

அதனால, "எனக்கும் கை லேட்டாத்தான் விடுது"ன்னு இப்போ யாருக்காவது தோணினா, கூகுள் பார்த்து எந்த வகைன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. நியூராலஜிஸ்ட்கிட்ட போங்க. குடும்பத்தில் யாருக்குக் கண்புரை சீக்கிரம் வந்தது, யாருக்கு பேஸ்மேக்கர் வெச்சிருக்கு, இதையெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டுப் போங்க.

தசையின் சத்தம்

எனக்கு 23 வயசில்தான் பேர் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் படிக்கட்டில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டு போட்ட எலும்பு டாக்டர் என் இன்னொரு கையைக் குலுக்கினார். நான் விடலை. "விடும்மா"ன்னார். "விட்டுட்டேன் சார், கைதான் விடலை"ன்னேன். சிரிக்கலை அவர். அன்னிக்கே நியூராலஜிஸ்ட்டுக்கு லெட்டர் எழுதிக் கொடுத்தார்.

நியூராலஜிஸ்ட் ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் என் கட்டைவிரல் அடியில் இருக்கிற மேட்டில் தட்டினார். கட்டைவிரல் உள்ளே மடங்கி, மெதுவாகத் திரும்பி வந்தது. அடுத்தது ஈ.எம்.ஜி. டெஸ்ட். மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்துவார்கள். தசையின் மின்துடிப்பு ஸ்பீக்கரில் சத்தமாகக் கேட்கும். என் தசை ஒரு பைக் மாதிரி உறுமியது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, மெல்ல அடங்கியது. பழைய புத்தகங்களில் இதைக் குண்டு போடப் பாய்ந்து இறங்கும் விமானத்தின் சத்தம் என்று எழுதியிருக்கிறார்கள்.

டெக்னீஷியன் அக்கா, "அசையாம இருக்கீங்கதானே?"ன்னு கேட்டாங்க. "ஆமாக்கா"ன்னேன். "தெரியுது. இது நீங்க பண்றது இல்லை"ன்னாங்க.

வலிக்கிற டெஸ்ட்தான். நான் அழுதேன். வலிக்காக இல்லை. பதினைந்து வருஷத்தில் முதல் தடவையா ஒருத்தர், இதை நீ பண்ணலைன்னு சொன்னாங்க.

அம்மாவின் கேள்வி

மரபணு டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்போ என்னாலயா?"

அப்பா அம்மாவுக்கு அத்தை மகன். அம்மாவின் அப்பாவும் அப்பாவின் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் எங்கேயோ இருந்த ஒரு பழுதான பிரதி, இரண்டு கிளை வழியாகவும் இறங்கி வந்து எங்கள் வீட்டில் சேர்ந்துகொண்டது. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் ஒவ்வொரு நல்ல பிரதி இருக்கிறது. அதனால் அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்யாதவர்களுக்கும் பெக்கர் வகை வரும். சொந்தத்தில் செய்தால் வாய்ப்பு கூடும்.

டாக்டர் இதையெல்லாம் படம் போட்டுச் சொன்னார். நம் எல்லோரிடமும் இப்படி சில பழுதான பிரதிகள் ஒளிந்திருக்கும், யாரும் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை என்றார். அம்மா தலையாட்டினாங்க. வீட்டுக்கு வந்து, "யார்கிட்டயும் சொல்லிக்க வேண்டாம் பாப்பா"ன்னாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன்.

அந்த ராத்திரி

இதைத் தம்பிகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

தம்பிக்கும் கை மெதுவாத்தான் விடும். எங்க எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவன் டெஸ்ட் எடுக்கலை. எடுத்தால் பேப்பரில் வந்துவிடுமே. இரண்டு வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி அவனுக்கு வயிற்றுவலி. அப்பெண்டிக்ஸ். உடனே ஆபரேஷன் என்றார்கள். அப்போ அவனுக்குப் பொண்ணு பார்த்துக்கிட்டு இருந்தோம்.

காரிடாரில் அம்மா என் கையைப் பிடிச்சாங்க. "பாப்பா, அதை இங்க சொல்லாத. ஷீட்ல எழுதிடுவாங்க. பொண்ணு வீட்டுக்கு எப்படியும் தெரிஞ்சுடும்."

எனக்கு ஒரு விஷயம் தெரியும். அவசர ஆபரேஷனில் மூச்சுக்குழாய் போடுவதற்குத் தசையைச் சட்டென்று தளர்த்த, சக்சினைல்கோலின் என்ற மருந்தைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. மற்றவர்களுக்கு அது தசையை ஒரு நொடி துடிக்கவைத்துப் பிறகு தளர்த்திவிடும். மயோட்டோனியா இருக்கிறவர்களுக்கு அது தலைகீழாகப் போகலாம். தாடை இறுகி வாயைத் திறக்க முடியாமல் போகலாம். நெஞ்சுத் தசை இறுகி, காற்றே உள்ளே போகாமல் போகலாம். நோயாளி மயக்கத்தில் இருப்பார், டாக்டருக்குக் காரணம் தெரியாது.

அம்மா கையைப் பிடிச்சிருந்தாங்க. நான் அவங்க கையை இறுக்கிப் பிடிச்சிருந்தேன். வேடிக்கை என்னன்னா, நான் போகணும்னு முடிவு பண்ண பிறகும் என் கை அவங்க கையை விடலை. விடறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. அம்மா அதைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

மயக்க மருந்து டாக்டர்கிட்டப் போய்ச் சொன்னேன். கையில் இருந்ததைக் கீழே வெச்சுட்டுக் கேட்டாங்க. "இவருக்கு டெஸ்ட் எடுத்திருக்கா?" இல்லைன்னேன். தம்பிகிட்டப் போய், "கையை இறுக்கி மூடித் திறப்பா"ன்னாங்க. அந்த வலியிலயும் மூடினான். விரல் மெதுவா, ஒவ்வொண்ணா விரிஞ்சது. அவ்வளவுதான் டெஸ்ட். அந்த மருந்தைத் தவிர்த்து வேறு மருந்து கொடுத்தாங்க. உடம்பு குளிர்ந்து நடுங்காமல் இருக்கக் கதகதப்பாப் பார்த்துக்கிட்டாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது.

சொல்லாமல் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம். அந்தச் சூதாட்டத்தை தம்பி உயிரை வெச்சு ஆட எனக்கு மனசு வரலை.

அம்மா ரெண்டு நாள் என்கிட்டப் பேசலை. அடுத்த மாதம் பொண்ணு வீட்டார் வந்தப்போ, காபி கொடுத்து முடிச்சதும் அம்மாவே ஆரம்பிச்சாங்க. "தம்பிக்குத் தசையில ஒரு பிரச்சினை இருக்கு. கை கொஞ்சம் மெதுவாத்தான் விடும். உயிருக்கு ஒண்ணும் இல்லை. சொல்லிடறது நல்லது." அந்த இடம் அமையலை. அதுக்கடுத்து வந்த வீட்டிலயும் அம்மா சொன்னாங்க. போன தையில் கல்யாணம் ஆச்சு. தாலி கட்டறதுக்கு முன்னாடி தம்பி மண்டபத்து ரூம்ல கையை மூடித் திறந்து, மூடித் திறந்து வார்ம் அப் பண்ணிக்கிட்டிருந்தான். முடிச்சு நல்லாவே விழுந்தது.

இப்போ எப்படி இருக்கேன்

முழுசாக் குணமாக்கும் மருந்து இல்லை. இறுக்கத்தைக் குறைக்க மருந்து உண்டு. மெக்ஸிலெட்டின் என்று இதயத் துடிப்புக் கோளாறுக்காக வந்த மருந்து. அது சோடியம் கதவைக் கொஞ்சம் அடக்கும். 2012-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 59 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, இறுக்கம் தெளிவாகக் குறைவதைக் காட்டினார்கள். வலிப்புக்குக் கொடுக்கிற லாமோட்ரிஜின் மருந்தும் உதவுவதாக 2017-இல் டென்மார்க்கிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. எதையும் டாக்டர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. மெக்ஸிலெட்டினுக்கு முன்னாடி ஈ.சி.ஜி. கட்டாயம் பார்க்கணும்.

மருந்தைத் தவிர என் வழக்கங்கள்: மீட்டிங் முடிந்து எழுவதற்கு முன்னாடி மேஜைக்கு அடியில் காலை நீட்டி மடக்குவேன். மாடிப்படி ஏறுவதற்கு முன் நின்ற இடத்திலேயே பத்து அடி வைப்பேன். டூ வீலர் எடுப்பதற்கு முன் பிரேக்கைப் பிடித்து விட்டுப் பிடித்து விட்டுப் பழக்கிக்கொள்வேன். பர்ஸில் ஒரு அட்டை. அதில் நோயின் பெயர், சக்சினைல்கோலின் கூடாது என்ற வரி, என் டாக்டரின் நம்பர்.

உங்ககிட்ட நான் கேட்கிறது ரொம்பச் சின்னது. பஸ்ஸிலோ மெட்ரோவிலோ ஒருத்தர் கம்பியை விடாமல் நின்னா, எழுந்ததும் நடக்காமல் ஒரு நிமிஷம் அப்படியே நின்னா, கை குலுக்கிட்டு விடாம இருந்தா, ஒரு பத்து செகண்ட் கொடுங்க. முக்கால்வாசிப் பேர் ஃபோன் பார்த்துக்கிட்டுதான் நிப்பாங்க. ஒருத்தர் மட்டும் நிஜமாவே கை விடறதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கலாம்.

ஆபீஸ் குரூப்பில் அந்த ஆட்டு ரீலுக்குக் கீழே நேத்து நான் ஒரு மெசேஜ் போட்டேன். "இந்த ஆட்டுக்கு இருக்கிறதுதான் எனக்கும் இருக்கு. கேட்கணும்னா கேளுங்க." கொஞ்ச நேரம் யாரும் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் ஒருத்தர், "அதனாலதான் லிஃப்ட் திறந்தும் நீங்க கொஞ்சம் லேட்டா வருவீங்களா? நான் ஆட்டிட்யூட்னு நினைச்சேன். சாரி"ன்னு எழுதினார். இப்போ அவர் லிஃப்ட்டைப் பிடிச்சு வெச்சிருக்கார்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இந்த மாதிரி இருந்தா எழுதுங்க, பெயர் சொல்ல வேண்டியதில்லை.